பசிக்குக் காவல்

கோகிலவாணி சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து கூடவே குடியிருக்கும் பூபதியும் பார்த்ததில்லை. எல்லாருக்கும் போட்டு முடித்து, பாத்திரங்களை ஒழிக்கும் நேரத்தில், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடி அவள் சாப்பிடுவாள். சட்டியில் ஒட்டிய பொரியல், மகள் தட்டில் ஒதுக்கிய பாதித் தோசை, நாளைக்கு வைத்தால் புளித்துவிடும் என்று தோன்றுகிற தயிர்சாதம், இவைதான் அவள் சாப்பாடு. எதுவும் வீணாகக் கூடாது என்ற ஒரே கொள்கையோடு வாழ்ந்து, நாற்பத்தேழு வயதில் நூறு கிலோவைத் தாண்டி நின்றாள்.

அதனால்தான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பெனடிக்டா, ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்டபோது, கோகிலவாணி வாயைத் திறப்பதற்கு முன்பே பூபதி பதில் சொல்லிவிட்டான்.

"அவ ஒண்ணுமே திங்கறதில்லைங் டாக்டர். காத்தக் குடிச்சாலே அவளுக்கு ஒடம்பு போட்டுருது."

அவன் பொய் சொல்லவில்லை, பாவம். கண்ணால் கண்டதைச் சொன்னான். கோகிலவாணியும் தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள். டாக்டர் நாகர்கோவில்காரர், விவரமானவர். சிரிக்காமல் அடுத்த கேள்விக்குப் போனார்.

அழகுக்காக இளைக்க வந்தவர்கள் இல்லை அவர்கள். ஒரே மகள் மகிழினிக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயிருந்தன. கல்லூரி முடித்து வேலைக்குப் போக வேண்டியவள், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள். சிறுநீரகத்தை அச்சடித்துக் கொடுக்கும் காலம் வந்துவிடும், வந்துவிடும் என்று அவள் பிறந்த வருஷத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டிரைவர் இல்லாத பஸ் வந்துவிட்டது, பேசுகிற ஃபிரிட்ஜ் வந்துவிட்டது, இது மட்டும் வந்தபாடில்லை. இன்னமும் ஒரு மனுஷனை அறுத்துத்தான் இன்னொரு மனுஷனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

பூபதிக்குச் சர்க்கரை வியாதி. அவனுடைய சிறுநீரகம் உதவாது. இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கான வரிசையோ எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. கோகிலவாணிக்கு எல்லாம் பொருந்தியது. ஆனால் இந்த எடையில் இருப்பவரிடம் சிறுநீரகம் எடுக்க மாட்டோம், கொடுத்தவர் பிழைக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டார்கள். எடை நன்றாக இறங்க வேண்டும். அதுவும் சீக்கிரமாக. பெண்ணின் இதயம் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தது. இன்னொரு வருஷத்தை அது தாங்கும் என்று யாரும் உறுதி சொல்லத் தயாராக இல்லை.

நடைப்பயிற்சி, பட்டினி, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. ஊசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்தது அறுவைச் சிகிச்சை. அதில் எந்தச் சிகிச்சை என்பதுதான் கேள்வி.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒன்று பைபாஸ். வயிற்றைச் சின்னப் பையாக்கி, குடலை நேராக அதில் கொண்டுவந்து கோத்துவிடுவது. எடை நன்றாக இறங்கும், ஆனால் சிலருக்குச் சிறுநீரகத்தில் கல் விழும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொண்டு இருக்கப்போகிறவருக்கு அது வேண்டாம் என்றார். இரண்டாவது ஸ்லீவ். வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவுக்கு மிச்சம் வைத்துத் தைப்பது. அது பழைய முறை, பலபேர் செய்துகொண்டது, அவருக்கு அதில்தான் நம்பிக்கை. ஆனால் முதலில் வெறும் தண்ணீர் ஆகாரம், பிறகு மசித்த ஆகாரம், பிறகுதான் சோறு. கொஞ்சங்கொஞ்சமாக, அடிக்கடி, யாராவது பக்கத்தில் இருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் கோகிலவாணியின் முகம் மாறியது. வயிற்றை வெட்டுகிறோம் என்றபோது பயப்படாதவள், யாராவது பக்கத்தில் இருந்து கொடுக்க வேண்டும் என்றதும் பயந்துபோனாள்.

"எனக்குன்னு தனியாக் கஞ்சி காச்சிக்கிட்டு யாருங்க மேடம் நிப்பா? நானே படுத்துக்கிட்டா பாப்பாவ ஆரு பாக்கறது?"

பூபதி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னான். சொன்ன தோரணையிலேயே அவனுக்கு அடுப்புக் குமிழ் எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூடத் தெரியாது என்பது தெரிந்தது. பூபதியின் அக்கா வசந்தாமணி வந்திருந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நாத்தனார் வந்து தனக்குக் கரண்டியால் ஊட்டுவதை நினைத்துப் பார்ப்பதற்குப் பதில் கோகிலவாணி இரண்டு அறுவைச் சிகிச்சைகளையும் ஒரே நாளில் செய்துகொள்வாள்.

மூன்றாவது ஒன்று இருந்தது. புதிது. ஏதோ ஒரு குளிர்நாட்டுக் கம்பெனி செய்தது. வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் மிளகளவு கருவி ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். எதையும் வெட்டுவதில்லை, தைப்பதில்லை. மறுநாளே வீட்டுக்குப் போகலாம். ஆஸ்பத்திரியில் அதற்குப் பசிக்காவலன் என்று பேர் வைத்திருந்தார்கள். ஜனங்கள் வாயில் அது காவக்காரன் ஆகிவிட்டது.

காவக்காரனின் வேலை சுலபமாகப் புரிகிற மாதிரிதான் இருந்தது. ஒவ்வொரு வயிறும் ஒவ்வொரு மாதிரி பேசும், இது பசி, இது நிறைவு என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதல் ஒரு மாதம் கருவி சும்மா கவனித்துக்கொண்டிருக்கும். வயிற்றின் நிலையைப் பார்க்கும், பொருத்திக்கொண்டவளின் குரலை எலும்பு வழியாகக் கேட்கும். பசிக்கும்போது பசிக்கிறது என்றும், நிறைந்ததும் நிறைந்தது என்றும் அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதிலிருந்து கற்றுக்கொண்டு, மாதம் முடிந்ததும் கற்றதை மாறாமல் பூட்டிக்கொள்ளும். பிறகு போதுமான அளவு உள்ளே போனவுடன் போதும் என்ற உணர்வை அதுவே மூளைக்கு அனுப்பிவிடும். கை தானாக நின்றுவிடும். அதற்குத் தமிழ் தெரியுமா என்று பூபதி கேட்டான். தமிழும் தெரியும், உங்கள் பக்கத்துப் பேச்சும் தெரியும் என்றார் டாக்டர்.

"என்னையக் கேட்டா ஸ்லீவ்தான் சொல்லுவேன்," என்றார் கடைசியில். "ஆனா முடிவு உங்களோடது."

முடிவு எடுப்பதற்கு என்ன இருக்கிறது. யாருக்கும் தொந்தரவில்லாத வழி எதுவோ அதுதான் கோகிலவாணியின் வழி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான்.

கருவியைப் பொருத்திக்கொண்டு வந்த மறுநாளே அவள் மாவாட்டினாள். டாக்டர் சொன்னபடி செய்ய வேண்டும் என்று அவளுக்கு எண்ணம் இருக்கத்தான் இருந்தது. ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பசிக்கிறது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். உடம்பெல்லாம் கூசிவிட்டது. வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு இதென்ன வெட்கக்கேடு என்று வெளியே வந்துவிட்டாள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலேயே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாததையா நான் சொல்லித் தெரிய வைக்கப்போகிறேன் என்று சமாதானமும் ஆகிவிட்டாள்.

மற்றபடி அவள் எப்போதும் போலத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அதுதான் வினையாக முடிந்தது. நம் ஊரில் ஒருத்தரைப் பார்த்தால் முதல் கேள்வி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பால் கொண்டுவருகிறவர் கேட்பார், எதிர்வீட்டுக்காரர் கேட்பார், நம்பர் தவறிப் போன் செய்தவர்கூடக் கேட்பார். சாப்பிட்டாச்சா? அதற்கு ஒரே பதில்தான் உண்டு. ஆச்சு. இல்லை என்று சொன்னால் கேட்டவர் சோறு போட வேண்டும், அவரை எதற்குச் சங்கடப்படுத்துவது. அந்த மாதம் ஒரு சீர் விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். பந்தியில் இரண்டாவது கரண்டிச் சோறு வருவதற்குள் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு, போதுமுங்க, வயிறு ரொம்பிருச்சுங்க என்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே மகிழினி. டயாலிசிஸுக்குப் போகிற நாட்களில் மெஷினில் படுத்துக்கொண்டு, பொழுதுபோகாமல் அம்மாவைக் கூப்பிடுவாள். சாப்டியாம்மா என்றுதான் ஆரம்பிப்பாள். மகள் உடம்பிலிருந்து ரத்தம் வெளியே ஓடிச் சுற்றி வருகிற நேரத்தில் கோகிலவாணிக்குச் சோறு இறங்காது. அவள் திரும்பி வருகிறவரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். ஆனால் அதைச் சொல்ல முடியுமா?

"ஆச்சு சாமி. நல்லாத் தின்னுட்டு இப்பத்தான் உக்காந்தேன்."

எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் நின்று உண்மையிலேயே சாப்பிட்டபோதெல்லாம் யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. காவக்காரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சரியாக மனசில் வாங்கிக்கொண்டு, மாதம் முடிந்ததும் பூட்டிக்கொண்டான்.

எடை இறங்கியது பாருங்கள், அப்படி இறங்கியது. வாரத்துக்கு வாரம் ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. கோகிலவாணி வாழ்நாளில் முதல்முறையாக மிச்சம் விழுந்ததைத் தெருநாய்க்கு வைத்தாள். அடுப்படியில் நின்றால் முன்பெல்லாம் வருகிற அந்தப் பரபரப்பு இல்லை. வயிறு எப்போதும் விருந்து சாப்பிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது. சொந்தபந்தமெல்லாம் கன்னத்தில் கைவைத்து ஆச்சரியப்பட்டது. வசந்தாமணி, தன் மருமகளுக்கும் இதையே வைத்துவிடலாமா என்று விசாரித்தாள். ஸ்லீவ் செய்துகொண்டு விசேஷ வீடுகளில் இரண்டு கரண்டி ரசத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தூரத்து உறவைக் காட்டி, அந்தப் புள்ளயாட்டம் ஆகாம நீ தப்பிச்ச என்று பாராட்டினாள்.

முடி கொட்டியதைப் பார்த்தார்கள். இளைத்தால் கொட்டத்தான் செய்யும் என்றார்கள். மாவுச்சட்டியைத் தூக்கும்போது தலை சுற்றியது. அது வயசு. ஆஸ்பத்திரியிலிருந்து போனில் விசாரிக்கிற பெண், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், ஆச்சு என்றாள். இப்போது அது பொய்யுமில்லை. முன்பு மரியாதைக்குச் சொன்னது இப்போது அவளுக்கே நிஜமாகத் தோன்றியது. இரண்டு வாய் காப்பி குடித்தால் மதியம்வரை நிறைந்திருந்தது.

ஆடியிலேயே சொன்ன எடைக்கு வந்துவிட்டாள். ஆவணியில் சிறுநீரக மாற்றுக்கு நாள் குறித்தார்கள். மகிழினி அந்தச் செய்தியைக் கேட்ட அன்று, ஒரு முழுச் செம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கப்போகிற நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஒரு நாளைக்கு அளந்துதான் தண்ணீர்.

கடைசிப் பரிசோதனையில் எல்லாம் உடைந்தது. சிறுநீரக மாற்றுக் குழுவினர், இந்த அம்மாவிடமிருந்து எதையும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் சத்து இல்லை. தசை கரைந்திருந்தது. இதயத்தின் சுவர்கூட மெலிந்துபோயிருந்தது. பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குத்தான் இப்படி இருக்கும் என்று ஒரு டாக்டர் பூபதியைச் சந்தேகத்தோடு பார்த்தார். வீட்டில் சோறு போடுகிறாயா என்று கேட்காத குறை. போடுகிறவளே அவள்தான் என்பதை அவன் எப்படி விளக்குவான்?

பெனடிக்டா மூவரையும் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். கருவியைச் சோதித்துப் பார்த்திருந்தார். அது ஒரு பழுதும் இல்லாமல் வேலை செய்கிறது என்றார். வெறும் வயிற்றைத்தான் நிறைந்த வயிறு என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. யார் அப்படிச் சொல்லிக்கொடுத்தது?

கோகிலவாணிக்குப் புரியவில்லை. நான் ஒன்றும் சொல்லவேயில்லையே என்றாள். மகிழினிக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் மெஷின்ல இருந்து கூப்புடறப்பெல்லாம் சாப்டியான்னு கேப்பேன்ல. அப்ப நீ சாப்ட்டிருந்தியாம்மா?"

கோகிலவாணி முந்தானையை விரலில் சுற்றினாள்.

"ஒரு நாளாச்சும்?"

"நீ அங்க அப்படிக் கெடக்கறப்ப எனக்கு எப்படி சாமி எறங்கும்?"

மகிழினி அழவில்லை. அவளுக்கு அதைவிட மோசமாக இருந்தது. தான் கேட்டது ஒரு கேள்வியே இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஹலோ சொல்வதுபோல் கேட்டிருக்கிறாள். பதிலுக்காக ஒருநாளும் நின்றதில்லை. நின்றிருந்தால் அம்மாவின் குரலிலேயே தெரிந்திருக்கும்.

டாக்டர் கருவியின் அறிக்கையை மூடிவைத்தார். "இதைச் செஞ்சவங்க ஊர்ல, பசிக்குதான்னு கேட்டா பசிக்குதுன்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்க அம்மையும் இப்படித்தான். நான் ஸ்லீவ்தான்னு ஒத்தக்காலில நின்னிருக்கணும்," என்றார். டாக்டர் ஒருத்தர் இப்படிப் பேசிக் கேட்பது பூபதிக்குச் சங்கடமாக இருந்தது. பரவாயில்லைங் மேடம் என்று சொல்லிவைத்தான். பரவாயில்லை என்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

கருவியை எடுத்துவிடலாமா என்றால் முடியாது. நரம்போடு பின்னிக்கொண்டுவிட்டது. பிய்த்தால் வயிறே அசையாமல் நின்றுபோகும். பசி இல்லாவிட்டால் என்ன, மணி அடித்ததும் சாப்பிடட்டும் என்று வீட்டில் முயன்று பார்த்தார்கள். மூன்றாவது கவளத்தில் வாந்தி எடுத்தாள். வயிறு முட்டச் சாப்பிட்டவரை இன்னும் ஒரு படி சோறு தின்னச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான் அவளுக்கு இருந்தது. ட்ரிப்ஸ் ஏற்றி ஆளைத் தாங்கிப் பிடிக்கலாம். சிறுநீரகம் கொடுக்கிற அளவுக்குத் தேற்ற முடியாது.

ஒரே ஒரு வழி இருந்தது. காவக்காரனை ஒருமுறை, ஒரே ஒருமுறை, திரும்பப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்கலாம். சில வாரங்கள் அது வேலையை நிறுத்திவிட்டு மறுபடி கவனிக்கும். அந்த நாட்களில் அவளுடைய சொந்தப் பசி அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். கடைசி நாள் முக்கியம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது. பொழுது சாயும் நேரத்தில், பசி நன்றாக ஏறியதும், வீட்டு ஆள் ஒருத்தர் கேட்க வேண்டும். அவள் சொல்கிற முதல் பதிலை அது பிடித்துக்கொள்ளும். இதுதான் பசி என்று அதுவரை கற்றதையெல்லாம் அந்தப் பதிலின் மேல் ஆணியடித்துவிட்டு, அந்த நிமிஷமே வேலையைத் தொடங்கிவிடும். அந்த நாளை அதுவே எண்ணிக்கொள்ளும், தள்ளிப்போட முடியாது. அந்தப் பதில் தப்பினால் வெறும் வயிறுதான் நிறைவு என்று மறுபடி பதிந்துவிடும், பிறகு யாராலும் திறக்க முடியாது.

பசி திரும்பி வந்த அன்று காலையில் பக்கத்து வீட்டில் யாரோ நெய் காய்ச்சினார்கள். கோகிலவாணி துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். காணாமல்போன பிள்ளை வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மகிழினி அம்மாவைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தாள். எல்லோருக்கும் முன்னால், முதல் ஆளாக. கோகிலவாணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், அடுத்தவர் வீட்டுக்கு வந்தவள் மாதிரி. பசிக்குதாம்மா என்று மகள் கேட்பாள். அவள் பூபதியைப் பார்ப்பாள், சுவரைப் பார்ப்பாள், பிறகு பாடம் ஒப்பிக்கிற குழந்தை மாதிரி, பசிக்குது என்பாள். முதல் தடவை பூபதி சிரித்துவிட்டான். அவள் அடுத்த வாய் எடுத்துவைக்கவில்லை. அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை. அவள் சாப்பிடுவதை அவன் அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தான். அவளுக்கு ஊறுகாய் இவ்வளவு பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியாது.

போகப்போகப் பழகியது. குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஒருநாள் யாரும் கேட்காமலே, பசிக்குது என்று சொல்லிவிட்டுத் தானே தட்டெடுத்து வைத்துக்கொண்டாள். முகத்தில் சதை பிடித்தது. ரத்தத்தில் சத்து ஏறிக்கொண்டிருந்தது. இதே போக்கில் போனால், பூட்டிய பிறகு எடை ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது, தையில் மாற்றுச் சிகிச்சை செய்யலாம் என்றார் டாக்டர். கடைசி நாள் கேள்வியை யார் கேட்பது என்று பேச்சு வந்தபோது மகிழினி, நான்தான் கேட்பேன் என்றாள்.

"இத்தனை நாளும் சும்மாக் கேட்டேன்மா. அன்னிக்கு நெசமாக் கேக்கறேன். நீயும் நெசமாச் சொல்லு. அப்பறம் நானே உனக்குத் தோசை ஊத்தித் தாரேன்."

அந்த நாள் மகிழினிக்கு டயாலிசிஸ் இல்லாத நாள்தான். விடிந்ததும் மூச்சுத் திணறியது. உடம்பில் நீர் ஏறிவிட்டது, உடனே கூட்டி வரச் சொன்னார்கள். பூபதி அவளை அழைத்துக்கொண்டு போனான். போகும்போது வாசலில் நின்று, சாயங்காலம் புள்ளைக்கு முடியலீன்னா நான் போன்லயே கேட்டுர்றேன் என்றான். வேண்டாங்க, பாப்பா ஆசப்பட்டுருச்சு, அதே வந்து கேக்கட்டும் என்றாள் கோகிலவாணி. அப்போது அவன் வற்புறுத்தியிருக்கலாம். அதை நினைத்து நினைத்து அவன் பிற்பாடு எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டான்.

பகல் முழுக்க அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. மெஷினில் மகள் கிடக்கிற நாளில் சாப்பிடாமல் இருப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை பசியைத் தள்ளிவிடாமல் அதோடு உட்கார்ந்திருந்தாள். நான்கு மணிக்குக் காது அடைத்தது. ஐந்து மணிக்குக் கை நடுங்கியது. சரியான பசி. எந்த மடையனுக்கும் இது பசி என்று தெரியும். அவள் சந்தோஷமாக இருந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை வாயில் தயாராக இருந்தது.

பொழுது சாய வண்டி வந்தது. மகிழினியை வாசலில் இறக்கிவிட்டு, மருந்து வாங்கப் பூபதி திரும்பிப் போனான். அவள் உள்ளே வந்த விதத்தைப் பார்த்ததுமே கோகிலவாணி எழுந்துவிட்டாள். மெஷினில் இருக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்திருந்தது. உதடு வெளுத்து, கால் தரையில் பாவாமல் நடந்தாள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு விட்டபாடில்லை. அம்மா பிடிக்க வந்ததை விலக்கிவிட்டு, சுவரைப் பற்றிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். கல்லை அடுப்பில் வைத்தாள். மாவைக் கலக்கினாள். ஒரு கையை மேடையில் ஊன்றிக்கொண்டு திரும்பி, சிரிக்கப் பார்த்தாள்.

"பசிக்குதாம்மா?"

கோகிலவாணி அந்த முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் வியர்வை. கண்ணுக்குக் கீழே கருப்பு. இந்தப் பிள்ளை இப்போது எனக்காக நின்று தோசை ஊற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. தயாராக இருந்த வார்த்தை எங்கேயோ போய்விட்டது. நாற்பத்தேழு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்தது, கேட்காமலே முன்னால் வந்து நின்றது.

"இல்ல சாமி. எனக்குப் பசிக்கல. நீ போய்ப் படு."

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் கேட்டது. கல் சூடேறிப் புகைய ஆரம்பித்தது. கோகிலவாணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், வெளியே போனதைத் திரும்பப் பிடித்துவிடலாம் என்பது போல.

"அம்மா," என்றாள் மகிழினி. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கோகிலவாணி மகள் பக்கத்தில் மண்டியிட்டாள். பசிக்குது என்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பசிக்குது சாமி, ரொம்பப் பசிக்குது, காலம்பரத்துல இருந்து பசிக்குது என்றாள். எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, வெட்கமில்லாமல் கத்தினாள். அவள் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவ்வளவு சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. காதடைப்பு விட்டது. கை நடுக்கம் நின்றது. இதமான ஒரு சூடு தொப்புளிலிருந்து மேலே பரவியது. அவள் சொல்லச் சொல்ல, வயிறு நிறைந்துகொண்டே வந்தது.